திறந்த சாலையும் வேக வரம்பும்

சென்ற ஆண்டு நம் கல்லூரியின் பழைய மாணவர் கூட்டத்திற்கு வருவதற்காக யானும் நண்பர் இருவரும் வாடகைக் கார் ஒன்றிற் புறப்பட்டோம். புறப்படும்போதே அரைமணி நேரம் தாழ்ந்துவிட்டமையால், வழி நெடுகிலும் “தம்பி, இன்னும் சற்று விரைவாகப் போகலாமே” என்று ஓட்டுநரைத் தூண்டிக்கொண்டே வந்தேன். நான்குவழி நெடுஞ்சாலை, வானம் தெளிந்த காலைப்பொழுது, கண்ணுக்கெட்டிய தூரம் வண்டியொன்றுமில்லை. வேகங்காட்டும் முள் 110இல் நின்றது. அப்பொழுது நடுத்திட்டின் இடைவெளி ஒன்றிலிருந்து, தலையிற் புல்லுக்கட்டுச் சுமந்த மூதாட்டி ஒருத்தி சாலையில் அடியெடுத்து வைத்தாள். ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார். சக்கரங்கள் அலறின, வண்டி ஒருபுறமாய் இழுத்துச் சென்று, அவளுக்கு நான்கடி இப்பால் நின்றது. புல்லுக்கட்டு விழுந்து சிதறிற்று. அம்மூதாட்டி எங்களை ஒரு சொல்லும் வையவில்லை. சிதறிய புல்லைத் திரட்டிக் கட்டிக்கொண்டு, “பார்த்துப் போங்க ஐயா” என்று மட்டும் சொல்லிச் சென்றாள். யாங்கள் குறித்த நேரத்திற்கு வந்து சேர்ந்தோம். கூட்டமோ முக்கால்மணி நேரங் கழித்தே தொடங்கிற்று.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஓட்டுநரை நோவதற்கு இடமில்லை. அவர் என் சொற்படி நடந்தவர். சட்டத்தை நோக்கின், அத்தகைய சாலையிற் காருக்கு 100 கிலோமீட்டர் வரை இடமுண்டு. யாங்கள் மீறியது 10 கிலோமீட்டரே. அந்தப் பத்தையும் மீறாதிருந்தால் எல்லாம் நன்றாயிருந்திருக்கும் என்று சொல்லி என் மனத்தை அமைதிப்படுத்த முயன்றேன், முடியவில்லை. ஊர் எல்லை கடந்த திறந்த சாலையில் வண்டிகளுக்குரிய மேல்வரம்பு வேகம் யாதாக வேண்டும் என்னும் வினா அன்று எழுந்தது. இது பொறியியலாருக்கும் போலீசாருக்கும் மட்டுமே உரியதென்று இதுகாறும் எண்ணியிருந்தேன். காரில் அமர்ந்து ‘விரைந்து செல்க’ என்று ஏவுகின்ற ஒவ்வொருவருக்கும் இது உரியதென்று இப்பொழுது உணர்கின்றேன். ஆதலின் என் சிறு கருத்தை நம் கல்லூரி அன்பர்கள்முன் வைக்கத் துணிந்தேன்.

வேகத்திற்கு வரம்பு கட்டும் முயற்சி மோட்டார் வண்டிக்கும் முற்பட்டது. இங்கிலாந்தில் 1865ஆம் ஆண்டுச் சட்டம், நீராவியால் ஓடிய சாலை வண்டிகள் நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைலும், நகரத்தில் 2 மைலுமே செல்லலாம் என்றும், செங்கொடி ஏந்திய ஆள் ஒருவன் வண்டிக்கு 60 கஜம் முன்னே நடந்து செல்லவேண்டும் என்றும் விதித்தது. இதனை இன்று கேட்போர் நகைப்பர். 1896ஆம் ஆண்டில் அவ்வரம்பு 14 மைலாகவும், 1903ஆம் ஆண்டுச் சட்டத்தால் 20 மைலாகவும் உயர்ந்தது. 1930ஆம் ஆண்டில் கார்களுக்கு இருந்த வரம்பு அடியோடு நீக்கப்பட்டது. ஐந்தாண்டு கழிவதற்குள், 1935இல், வீடுகள் நெருங்கிய இடங்களுக்கு 30 மைல் என்னும் வரம்பு மீண்டும் வந்தது. திறந்த சாலைகளுக்கோ 1965ஆம் ஆண்டு இறுதியிலேதான் 70 மைல் என்னும் வரம்பு ஏற்பட்டது. பரீட்சார்த்தமாக வந்த அது 1967இல் நிலைபெற்றது. அச்சத்தாற் கட்டுவதும், ஆசையால் அவிழ்ப்பதும், அனுபவத்தால் மீண்டுங் கட்டுவதுமாகவே இவ்வரலாறு சென்றிருப்பதைக் காண்கின்றோம்.

நம் நாட்டிலும் இக்கதை வேறன்று. 2018ஆம் ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட அறிக்கை, விரைவுச்சாலையிற் கார்களுக்கு 120 கிலோமீட்டரும், நடுத்திட்டுடைய நான்குவழிச் சாலையில் 100 கிலோமீட்டரும், ஏனைய சாலைகளில் 70 கிலோமீட்டரும் மேல்வரம்பாக வகுத்தது. சாலைகளும் வண்டிகளும் திருந்திவிட்டன என்பது அதற்குக் காட்டப்பட்ட காரணம். 2021ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் அவ்வறிக்கையை இரத்துச் செய்தது. விபத்துகள் பெருகிவரும் நாட்டில் வேகத்தை மேலும் உயர்த்துதல் தகாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். இருதிறத்தாரும் நாட்டின் நலங் கருதியே வழக்காடினர் என்று கொள்வோம். எனினும் எது நலம் என்பதைக் கணக்கே காட்டவேண்டும்.

அக்கணக்கு இது. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். விபத்துகளின் எண்ணிக்கையிலோ, 64,105 விபத்துகளோடு, நம் மாநிலமே அவ்வாண்டு முதலிடம் பெற்றது. வேறெதற்கேனும் முதலிடம் பெற்றிருப்பின் விழா எடுத்திருப்போம். தேசிய நெடுஞ்சாலைகளும் விரைவுச்சாலைகளும் நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவினவே. ஆயினும் மாண்டோருள் நூற்றுக்கு 36 பேர் அவற்றிலேயே மாண்டனர். நூற்றுக்கு 71 பேரின் சாவுக்கு மிகுவேகமே காரணமென்று அரசின் கணக்கே கூறுகின்றது. இன்னும் ஒன்று கருதத்தக்கது. மாண்டோருள் இருசக்கர வண்டியினரும் நடந்து சென்றோருமாகிய இருதிறத்தாரே நூற்றுக்கு 64 பேராவர். அஃதாவது, காரின் இரும்புக் கூட்டுக்குள் இருப்பவர் வேகத்தைத் தேர்ந்துகொள்ள, அதன் விலையைப் பெரும்பாலும் வெளியிலிருப்பவர் செலுத்துகின்றனர்.

வேகத்தின் இயல்பை நம் கல்லூரியின் பௌதிக வகுப்பிற் பயின்றோர் அறிவர். ஆயினும் சாலைக்கு வந்ததும் மறந்துவிடுகின்றனர். வேகம் இருமடங்கானால் மோதும் ஆற்றல் இருமடங்காவதில்லை, நான்கு மடங்காகின்றது. பிரேக்கு மிதித்தபின் வண்டி நிற்பதற்கு வேண்டிய தூரமும் அவ்வாறே பெருகும். உலர்ந்த சாலை, நல்ல பிரேக்கு, கண்டது முதல் காலை அழுத்துவது வரை ஒரு வினாடி என்று வைத்துக்கொள்வோம். 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், அவ்வொரு வினாடியில் 22 மீட்டரும், பின்னர் 35 மீட்டரும் சென்று, ஏறத்தாழ 57 மீட்டரில் நிற்கும். 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் நிற்பதற்கு ஏறத்தாழ 83 மீட்டர் வேண்டும். இனி, முதற் கார் எந்த இடத்தில் முற்றும் நின்றுவிட்டதோ, அதே இடத்தை இரண்டாவது கார் கடக்கும்பொழுது அதன் வேகம் என்ன? வேகத்தின் வேற்றுமை 20 கிலோமீட்டர்தானே, ஆதலின் 20ஆக இருக்கும் என்று பலர் விடை சொல்வர். கணக்கிட்டுப் பார்ப்பின் அது ஏறத்தாழ 68 கிலோமீட்டர் என வரும். 120 கிலோமீட்டரில் வந்த காரோ அவ்விடத்தை ஏறக்குறைய 100 கிலோமீட்டர் வேகத்திற் கடக்கும். முதற் கார்முன் நின்ற மூதாட்டி புல்லுக்கட்டைத் திரட்டிக்கொண்டு வீடு செல்வாள். ஏனைய இரண்டின்முன் நின்றவள் செல்லாள். ஓட்டுநரின் திறமை மூன்றிலும் ஒன்றே, பிரேக்கும் ஒன்றே, வேகமே வேறு.

இவ்விலை கொடுத்து யாம் வாங்கும் பொருள் யாது? காலம். அதனையும் எண்ணிப் பார்ப்போம். 100 கிலோமீட்டர் தூரத்தை 80 வேகத்தில் 75 நிமிடத்திலும், 100 வேகத்தில் 60 நிமிடத்திலும், 120 வேகத்தில் 50 நிமிடத்திலும் கடக்கலாம். முதலில் ஏற்றிய இருபதால் 15 நிமிடம் ஆதாயம். அடுத்த இருபதால் 10 நிமிடமே. வேகம் ஏற ஏற ஆதாயஞ் சுருங்குகின்றது; அபாயமோ விரிகின்றது. இவ்வாறு இலாபங் குறைந்தும் நட்டம் மிகுந்தும் செல்லும் வாணிகத்தில் எந்தச் செட்டியாரும் முதல் போடமாட்டார். இவையும் தடையின்றி ஓடினாற்றான் கிடைக்கும் நிமிடங்கள். சுங்கச்சாவடியிலும் தேநீர்க் கடையிலும் ஊர்முகப்பு நெரிசலிலும் அவற்றிற் பாதி கரைந்துபோவதை யாவரும் அறிவர்.

மறுப்போர் கூறுவன சிலவுண்டு. அவற்றைக் கேளாது தீர்ப்புச் சொல்லுதல் முறையன்று.

‘இக்காலத்துக் கார்கள் பழையன போன்றவை அல்ல, பிரேக்கும் காற்றுப்பையும் சிறந்துள்ளன’ என்பர் சிலர். உண்மையே. ஆயின் காற்றுப்பை காருக்குள் இருக்கின்றது; புல்லுக்கட்டுச் சுமந்தவளுக்குக் காற்றுப்பை இல்லை. மனிதனின் எலும்பும், கண்டு உணர்ந்து காலை அழுத்த அவனுக்கு வேண்டிய ஒரு வினாடியும், 1865இல் இருந்தவாறே இன்றும் இருக்கின்றன.

‘ஜெர்மனியின் பெருஞ்சாலைகளில் வரம்பே இல்லையே’ என்பர் வேறு சிலர். அங்கும் 1978 முதல் 130 கிலோமீட்டர் என்னும் அறிவுரை வேகம் உண்டு. பல பகுதிகளிற் கட்டாய வரம்பும் உண்டு. அதனினும் முதன்மையானது, அச்சாலைகள் இருபுறமும் அடைக்கப்பட்டவை என்பது. அங்கே நடப்போர் இல்லை, மிதிவண்டி இல்லை, குறுக்குச் சாலை இல்லை, 60 கிலோமீட்டருக்கு மேற் செல்ல இயலாத வண்டிக்கு நுழைவும் இல்லை. அடைப்பில்லாத நாட்டுப்புறச் சாலைகளுக்கு அந்நாட்டாரே 1972 முதல் 100 என்னும் வரம்பு வைத்துள்ளனர். அந்நாட்டுச் சாலைச் சாவுகளிற் பெரும்பகுதி நிகழ்வதும் அத்தகைய நாட்டுப்புறச் சாலைகளிலேயே. ஜெர்மானியர் வேகத்தைக் காட்டி வாதிப்போர், அவர்தம் வேலியையும் காட்டல்வேண்டும்.

‘வேகத்தால் அன்று, வேக வேற்றுமையாலேயே விபத்து நேர்கின்றது; மெல்லச் செல்வோனே இடைஞ்சல்’ என்பது மூன்றாவது மறுப்பு. இதிற் பொருளுண்டு. ஆயின் இது எம் பக்கமே பேசுகின்றது. நான்குவழிச் சாலையில் லாரிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் 2018ஆம் ஆண்டு அறிக்கை வகுத்த வரம்பு 80. காருக்கு மட்டும் 100. சட்டப்படி நடக்கும் மூவரிடையே சட்டமே 20 கிலோமீட்டர் வேற்றுமையை உண்டாக்கிவைத்தது. காருக்கும் 80 என விதிப்பின் அவ்வேற்றுமை அன்றே ஒழியும்.

‘மக்கள் எந்த வேகத்தில் ஓட்டுகின்றார்களோ அதையே சட்டமாக்குதல் நேர்மை’ என்பது நான்காவது. நூறு ஓட்டுநருள் எண்பத்தைந்து பேர் மீறாத வேகம் எதுவோ அதனையே வரம்பாகக் கொள்ளும் முறை அமெரிக்காவில் நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. ஓட்டுவோர் வாக்கை மட்டும் எண்ணும் தேர்தல் அது. சாலையைக் கடப்பவருக்கு அதில் வாக்குரிமை இல்லை.

வரம்பைக் குறைத்துப் பார்த்த நாடுகளின் அனுபவமும் நம் முன் உள்ளது. எண்ணெய்த் தட்டுப்பாட்டை முன்னிட்டு அமெரிக்கா 1974இல் நாடு முழுவதற்கும் 55 மைல் என்று விதித்தது. 1973இல் 54,052ஆக இருந்த சாலைச் சாவு 1974இல் 45,196ஆகக் குறைந்தது. பெட்ரோல் கிடையாமையால் மக்கள் குறைவாக ஓட்டியதும் இதற்கு ஒரு காரணம். முழுப் புகழையும் வரம்புக்கே கொடுத்தல் நேர்மையன்று. பிரான்சு நாட்டின் கதை இதனினும் தெளிவானது. நடுத்திட்டில்லாத இருவழி நாட்டுப்புறச் சாலைகளில் இருந்த 90 கிலோமீட்டர் வரம்பை 2018 ஜூலை முதல் நாளன்று அவர்கள் 80 ஆக்கினர். மக்கள் சினந்தனர், வேகங்காணும் கருவிகளை உடைத்தவர்களும் உண்டு. எனினும் இருபது மாதங்களில் ஏறத்தாழ 350 உயிர்கள் காக்கப்பட்டன என்று அரசின் ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. அதற்காகப் பிரயாணிகள் இழந்த காலம் சராசரியாகக் கிலோமீட்டருக்கு ஒரு வினாடி. சினம் வென்றது, 2019இல் வந்த சட்டம், விரும்பிய மாவட்டங்கள் 90க்கு மீளலாம் என்று இடந்தந்தது. உயிர் பிழைத்தவன், தான் பிழைத்ததை அறியாமையால், நன்றி கூற வருவதில்லை. ஒரு வினாடி இழந்தவன் மட்டும் முறையிட வருகின்றான். நல்ல வரம்புகளுக்கு ஆதரவு குறைவதன் இரகசியம் இதுவே.

அங்ஙனமாயின் வரம்பை எதனைக் கொண்டு வகுப்பது? வண்டியின் வன்மையையோ, ஓட்டுவோன் விருப்பத்தையோ கொண்டன்று. அச்சாலையில் உள்ளவருள் மெலியவரின் உடல் தாங்கும் அளவைக் கொண்டே வகுத்தல் வேண்டும். 1997இல் சுவீடன் நாட்டுப் பாராளுமன்றம் சாலையில் ஒருவரும் மாளலாகாது என்பதைக் குறிக்கோளாக ஏற்றது. அக்கொள்கையின் வழிவந்த அளவுகள் எளியவை. நடப்போரும் வண்டியும் கலக்கும் இடத்தில் 30. குறுக்கே வரும் கார் பக்கத்தில் மோதக்கூடிய சந்திப்பில் 50. எதிரெதிரே மோதக்கூடிய சாலையில் 70. இவை எவையும் நிகழ முடியாத அடைத்த சாலையிலேயே 100 அல்லது அதன் மேல்.

இவ்வளவுகோலை நம் சாலைகளுக்கு வைத்துப் பார்ப்போம். நடுத்திட்டில்லாத சாலைக்குச் சட்டங்கூறிய 70 பொருத்தமே. அதனைக் காத்தல் போதும். வேலியிட்டு, குறுக்குவழி முழுதும் மேம்பாலமும் கீழ்ப்பாலமுமாக்கப்பட்ட விரைவுச்சாலைக்கு 100 கொடுக்கலாம். வழக்கெல்லாம் இடைப்பட்ட நான்குவழிச் சாலையைப் பற்றியதே. பார்வைக்கு அது மேனாட்டுப் பெருஞ்சாலை போன்றது. வாழ்க்கையில் அது பழைய ஊர்ச்சாலையே. வயல் ஒருபுறம், வீடு மறுபுறம். பள்ளி இங்கே, பேருந்து நிற்குமிடம் அங்கே. கீழ்ப்பாலம் ஒரு கிலோமீட்டர் அப்பால் இருக்கும். மழை பெய்தால் அதில் நீர் நிற்கும். தலைச்சுமையுடன் அவ்வளவு தூரஞ் சுற்றி வருக என்று மூதாட்டிக்கு விதி செய்யும் நாம், பதினைந்து நிமிடம் பொறுத்திரு என்று நமக்கு விதி செய்யத் தயங்குகின்றோம். ஆகவே, நடுத்திட்டில் ஒரு திறப்பேனும் உள்ள நான்குவழிச் சாலைக்கு 80 கிலோமீட்டரே மேல்வரம்பாக வேண்டும். ஊரை ஒட்டிய திறப்புகளை அணுகும் இடத்தில் 50 ஆகவேண்டும் என்பது என் துணிபு. 100 வேண்டுமென்போர், முதலிற் கீழ்ப்பாலங்களைக் கட்டித் திறப்புகளை மூடச் செய்து, அதன் பின்னர் 100 கேட்கட்டும். அப்பொழுது யானும் அவர்களோடு சேர்ந்து கேட்பேன்.

வரம்பைப் பலகையில் எழுதிவிடுதல் மட்டும் போதாது. 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் மிகுவேகத்திற்கு 1,000 ரூபாய் முதல் தண்டம் உயர்த்தியது. ஆயினும் தண்டத்தின் பருமனைவிட, பிடிபடுவோம் என்னும் உறுதியே மனிதனைத் திருத்தும். ஓரிடத்தில் மட்டும் நின்று வேகங் காணும் கருவியைக் கண்டதும் குறைத்து, கடந்ததும் கூட்டுவது நம்மவர் பழக்கம். இரண்டு இடங்களில் வண்டியின் எண்ணைக் குறித்து, இடைத்தூரத்தைக் கடந்த நேரத்தால் சராசரி வேகத்தைக் காணும் முறை பல நாடுகளில் உள்ளது. சுங்கச்சாவடிதோறும் வண்டியின் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளும் நம் நாட்டில், பணம் பெறுவதற்குப் பயன்படும் அக்கருவி உயிர் காப்பதற்கும் பயன்படலாகாதா?

இறுதியாக மாணவ நண்பர்களுக்கு ஒரு சொல். உங்களிற் பலர் மோட்டார் சைக்கிளில் வருகின்றீர்கள். இளமைக்கு வேகம் இனிது என்பதை மறுக்கவில்லை. யானும் ஒருகால் இளைஞனே. ஆயின் ‘திறந்த சாலை’ என்னும் சொல்லைச் சற்றே எண்ணிப் பாருங்கள். யாருக்குத் திறந்தது? விரைபவருக்கு மட்டுமா? ஆடு ஓட்டிச் செல்லும் சிறுவனுக்கும், பள்ளி செல்லும் பெண் குழந்தைக்கும், புல்லுக்கட்டுச் சுமந்த மூதாட்டிக்கும் அது திறந்தது. யாவருக்கும் திறந்த சாலையில் யாவருக்கும் பொருந்தும் வேகமே அறமாகும். பதறாத காரியம் சிதறாது என்பது நம் முன்னோர் கண்ட பழமொழி. அன்று என் பதற்றத்தாற் சிதறியது புல்லுக்கட்டு மட்டுமே. அது யான் செய்த நன்மையால் அன்று.

இவ்வாண்டுக் கூட்டத்திற்கு யான் ஒரு மணி நேரம் முன்னதாகவே புறப்படுவேன்.

— பழைய மாணவன் ஒருவன்